பாடத்தைப் பிரித்துத் தருவது சலுகையல்ல

ஞாயிறு இரவு நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டிவிடுவது எளிது. அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வேலையைப் பாருங்கள்: ‘நீர் மாசுபாடு பற்றிய செயல்திட்டம், திங்களன்று கொண்டுவரவும்.’ இந்த ஒரு வரிக்குள் ஐந்தாறு வேலைகள் இருக்கின்றன. எதை எழுதுவது என்று முடிவுசெய்ய வேண்டும், படித்துக் குறிப்பெடுக்க வேண்டும், குறிப்புகளை வரிசைப்படுத்த வேண்டும், எழுத வேண்டும், படம் வரைய வேண்டும். பெரியவர்களுக்குத் தனித்தனியாகத் தெரியும் இவை பன்னிரண்டு வயதில் ஒரே பாரமாக அழுத்துகின்றன. கடைசியில் அம்மாவே சார்ட் வாங்கி எழுதுகிறார், அல்லது டியூஷனில் முடித்துத் தருகிறார்கள். இரண்டுக்கும் வழியில்லாத வீட்டுப் பிள்ளை மறுநாள் வகுப்புக்கு வெளியே நிற்கிறது.

வேலையைப் பிரித்துத் தந்தால் என்ன மாறும் என்பதை ஆல்பர்ட் பந்துராவும் டேல் ஷங்க்கும் 1981இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கணக்கில் மிகவும் பின்தங்கி, கணக்கென்றாலே ஒதுங்கிய 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு 42 பக்கக் கழித்தல் பயிற்சி தரப்பட்டது. ஏழு அமர்வுகளில் அத்தனையையும் முடிக்கலாம் என்று ஒரு குழுவுக்குச் சொன்னார்கள். அமர்வுக்கு ஆறு பக்கமாவது முடிக்கலாம் என்று இன்னொரு குழுவுக்குச் சொன்னார்கள். மொத்த வேலை ஒன்றுதான். ஆறு ஆறு பக்கமாகப் போன பிள்ளைகள் வேகமாக முன்னேறினார்கள், சரியாகப் போட்டார்கள், பிறகு யாரும் சொல்லாமலே விரும்பிக் கணக்குப் போட்டார்கள். மொத்தமாகப் பெற்றவர்களோ, இலக்கே சொல்லப்படாத பிள்ளைகளைவிடப் பெரிதாக மேம்படவில்லை. தமிழ்நாடு 2012-13இல் முப்பருவ முறையைக் கொண்டுவந்து ஆண்டுப் பாடத்தை மூன்றாகப் பிரித்ததும், 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பித்ததும் இந்த வழியில்தான். புத்தகத்துக்குக் கிடைத்த இந்த அக்கறை வீட்டுப்பாடத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சட்டம் இதில் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் அறிந்து தேவைப்படும் கூடுதல் கற்பித்தலைத் தருவதை ஆசிரியரின் கடமையாக்குகிறது. 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. எழுத முடியாத பிள்ளையை வகுப்பின் முன் அவமானப்படுத்துவது இதில் சேரும். 2020இன் பள்ளிப் பை கொள்கை இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடமே கூடாது என்றும், 6 முதல் 8 வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் பரிந்துரைக்கிறது. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் வலுவான பிடிமானம்: குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து கற்பிக்கும் முறையை மாற்றுவதும், தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற வசதிகள் தருவதும் அதில் இருக்கின்றன.

தேர்வில் யார் பிரித்துத் தருவார்கள், இது பிள்ளையைச் செல்லம் கொடுத்துக் கெடுப்பதாகாதா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆறாம் வகுப்பில் ஆசிரியர் பிரித்துத் தருவதை எட்டாம் வகுப்பில் பிள்ளையே பிரித்துக் காட்ட வேண்டும். உதவி இப்படிக் குறைந்துகொண்டே வராவிட்டால் அது கெடுதல்தான். நாற்பது பேருக்கு எங்கே நேரம், பாடத்தை முடிக்கச் சொல்வதும் அதே 24ஆம் பிரிவுதானே என்பார் ஆசிரியர். ஆனால் பிரிக்கவேண்டியது நாற்பது பிள்ளைகளுக்கும் தனித்தனியாக அல்ல, ஒரு வேலையை ஒரே முறை. செவ்வாய்க்குள் தலைப்பு, வியாழனுக்குள் குறிப்பு, திங்களன்று முழு வேலை என்று கரும்பலகையில் எழுத இரண்டு நிமிடம் போதும். படிக்காத பெற்றோரும் அந்தத் தேதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்றைய பங்கு முடிந்ததா என்று விசாரிக்க முடியும்.

குறை இருந்தால் முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். மாறாவிட்டால் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்பலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அடி, அவமானம் என்றால் காத்திருக்க வேண்டாம், 1098ஐ அழையுங்கள். பிரித்துக் கொடுத்தும் மாதக்கணக்கில் எழுத்தும் வாசிப்பும் பிடிபடாத பிள்ளையை, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காட்டிப் பரிசோதனைக்கு வழி கேளுங்கள். பொதுத்தேர்வில் சலுகை பெறச் சான்று வேண்டியிருப்பதால், பத்தாம் வகுப்பு வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள்.