வெளிநாட்டுத் தத்தெடுப்பு: பெற்றோர் ஏன் காத்திருக்க வேண்டியுள்ளது?

இந்தியக் குழந்தையைத் தத்தெடுக்க விரும்பும் வெளிநாட்டுத் தம்பதி, குழந்தைகள் இல்லத்தை நேரடியாக அணுக முடியாது. தாங்கள் வசிக்கும் நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட முகமை வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப ஆய்வறிக்கை, மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் தடையில்லாச் சான்று, மாவட்ட ஆட்சியரின் உத்தரவு, குழந்தைக்கான கடவுச்சீட்டு எனப் படிகள் தொடர்கின்றன. புகைப்படத்தில் பார்த்த குழந்தையைத் தங்கள் பிள்ளையாகவே எண்ணத் தொடங்கிவிட்ட பெற்றோருக்கு இந்தக் காத்திருப்பு கடினமானது.

கட்டுப்பாடுகளுக்குக் காரணம் உண்டு. தத்தெடுப்பு என்ற பெயரில் முறைகேடுகள் நடப்பதாக வழக்கறிஞர் லட்சுமிகாந்த் பாண்டே எழுதிய கடிதத்தை மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், 1984-ல் நெறிமுறைகளை வகுத்தது. 1993-ம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-ல் ஏற்றது.

சிறார் நீதிச் சட்டம் 2015-ன்படி, முதல் வாய்ப்பு இந்தியாவில் வசிப்போருக்கும் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்குமே. 5 வயதைக் கடந்தோர், உடன்பிறந்தோர், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் ஆகியோரை வெளிநாட்டுத் தத்தெடுப்பில் முன்னுரிமை அளித்து அனுப்பலாம். எனவே, சொந்த மொழியும் நினைவுகளும் கொண்ட குழந்தையை வரவேற்கப் பெற்றோர் ஆயத்தமாக வேண்டியுள்ளது.

குழந்தை சென்றடைந்த பிறகும் 2 ஆண்டுகள் கண்காணிப்பு உண்டு. முதல் ஆண்டில் 3 மாதங்களுக்கு ஒருமுறையும், அடுத்த ஆண்டில் 6 மாதங்களுக்கு ஒருமுறையும் அறிக்கை அனுப்பப்பட வேண்டும். பெற்றோருக்கு இது சுமையாகத் தோன்றலாம். ஆயினும், "நான் எப்படி இங்கு வந்தேன்?" எனப் பிள்ளை கேட்கும் நாளில், தயக்கமின்றிப் பதில் கூற இந்த ஆவணங்களே துணை நிற்கும்.