சின்னஞ்சிறு ரிலே! மாற்றிப் போட்டால் கார் பாயும்!

சாவியைத் திருப்பினால் கார் கிளம்ப வேண்டும். கிளம்பக் கூடாத நேரத்தில் கிளம்பிவிட்டால்?

கார் கியரில் நிற்கிறது. முன்னால் குழந்தை விளையாடுகிறது. அதைக் கவனியாமல் சாவியைத் திருப்பினால், கார் பாய்ந்துவிடும்!

இந்த விபரீதத்தைத் தடுக்க உதவுவது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி. அதன் பெயர் "ஸ்டார்ட்டர் ரிலே."

கை ஒடிந்த காலம்

ஆதியில், காரின் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றித்தான் என்ஜினைக் கிளப்பினார்கள். கைப்பிடி திருப்பி அடித்தால் கை ஒடியும்! 1912-ம் ஆண்டு காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதை உருவாக்கியவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர்.

ஸ்டார்ட்டருக்கு மிகுந்த மின்சாரம் வேண்டும். சாவியின் மெல்லிய கம்பி அதைத் தாங்காது. எனவே, நடுவில் ரிலேயை வைத்தார்கள். சாவியிலிருந்து சிறிது மின்சாரம் வந்ததும், ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருள் காந்தமாகிறது. உடனே ஸ்டார்ட்டருக்கு வழி திறக்கிறது.

எங்கே அபாயம்?

அமெரிக்காவில், 1960-களில் வந்த பிளைமவுத், டாட்ஜ் கார்களைப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் உண்டு. சிலர் கிளட்ச் கியர் பெட்டியை எடுத்துவிட்டு, தானே கியர் மாறும் "டார்க்ஃபிளைட்" பெட்டியைப் பொருத்துவார்கள். சிலர் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள்.

கியர் பெட்டியை மாற்றினால் ரிலேயையும் கவனிக்க வேண்டும். ஏன் தெரியுமா?

இரண்டு வகை ரிலேயும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். வித்தியாசம் "எர்த்"தில்தான்!

கிளட்ச் கார் ரிலேயில், சுருளின் எர்த் அதன் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கும். சாவியைத் திருப்பினால் எப்போதும் வேலை செய்யும்.

தானே கியர் மாறும் காரின் ரிலேயில், எர்த்துக்குத் தனி முனை உண்டு. அதிலிருந்து ஒரு கம்பி கியர் பெட்டியிலுள்ள சுவிட்சுக்குப் போகும். கியர் "பார்க்"கிலோ "நியூட்ர"லிலோ இருந்தால்தான் சுவிட்ச் எர்த் கொடுக்கும். வேறு கியரில் இருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றாது. இதுவே காவல்!

டார்க்ஃபிளைட் காரில் கிளட்ச் கார் ரிலேயை விட்டுவைத்தால், காவல் போய்விடும். எந்தக் கியரிலும் என்ஜின் கிளம்பும்!

நேர்மாறாக மாற்றியவருக்கு வேறு தொல்லை. பழைய ரிலேக்கு எர்த் கிடைக்காது. சாவியைத் திருப்பினால் சத்தமே வராது. எர்த் முனையை நேராக உடம்போடு இணைத்தால் கிளம்பிவிடும். ஆனால், கிளட்ச் மிதியில் சுவிட்ச் வைத்து, அதன் வழியாக எர்த் கொடுப்பதே நல்லது. மிதியை மிதித்தால்தான் கார் கிளம்பும்.

கண்டுபிடிப்பது எப்படி?

ரிலேயைக் கழற்றி, மீட்டரின் ஒரு கம்பியை எர்த் முனையிலும், மற்றொன்றை இரும்பு உடம்பிலும் வையுங்கள். நேர் இணைப்பு காட்டினால், அது கிளட்ச் காருக்கு. காட்டாவிட்டால், தானே கியர் மாறும் காருக்கு.

கியர் பெட்டி சுவிட்சில் மூன்று முனை இருந்தால், நடு முனையே ரிலேக்கு உரியது. மற்ற இரண்டும் பின்னோக்கிச் செல்லும்போது எரியும் விளக்குக்கு.

பொருத்தி முடிந்ததும், முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்து, ஒவ்வொரு கியரிலும் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். "பார்க்", "நியூட்ரல்" தவிர வேறு எதிலும் ஸ்டார்ட்டர் சுற்றக் கூடாது.

பெட்டி சிறிது. அது காக்கும் உயிரோ பெரிது!