ஒண்டிக்கடையும் ஒண்டுக் குடித்தனமும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறிப் போகிறவர்களில் ஒண்டிக்கடை முனையை அறியாதவர் இரார். ஒண்டி என்றால் தனி. ஒற்றைக் கடை ஒன்று அங்கே நின்ற காலத்தைப் பெயர் மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்றோ கடைகள் பல, கார்கள் பல, கூட்டம் பெரிது!

அதே வேர்ச்சொல்லை நினைவூட்டும் இன்னொரு சொல்லும் நம் மக்கள் நாவில் உண்டு. ஒண்டுக் குடித்தனம்! ஒரு வீட்டை நான்காகக் கூறுபோட்டு, நான்கு குடும்பங்கள் ஒட்டியும் ஒண்டியும் வாழும் வாழ்வு. ஒரே குழாய், ஒரே கழிப்பிடம், ஒரே நடை. அறைதான் சமையற்கட்டு, அதுவேதான் படுக்கை. மலைமேல் ஒண்டிக்கடை, மலைக்குக் கீழே ஒண்டுக் குடித்தனம். இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் ஏழையின் உடல்நலம் ஏறி இறங்கித் தவிக்கிறது என்பதை, சென்ற கோடையில் அந்த முனையிலே நின்றபோது கண்கூடாகக் கண்டோம்.

தேநீர்க் கடையொன்றின் முன் நின்றிருந்தோம். அருகே அம்மாப்பேட்டை நெசவாளர் ஒருவர். தோளிலே ஆறு வயதுப் பையன். பேச்சு வளர்ந்தது.

"பையனுக்கு இழுப்புங்க அய்யா. இங்கே வந்து ரெண்டு நாளாச்சு, மூச்சு நல்லா விடுறான். கீழே வீட்டுக்குப் போனா மறுபடியும் இழுக்க ஆரம்பிச்சிடும். இந்தக் காத்தைப் புட்டியிலே அடைச்சுக் கொண்டுபோக முடிஞ்சாத் தேவலை" என்றார் அவர்.

காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் மூதாட்டி ஒருவர் பக்கத்திலே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பிலே மகிழ்ச்சி இல்லை.

"காத்து நல்ல காத்துதான் அண்ணே. பொறந்ததிலேருந்து இதைத்தான் குடிக்கிறோம். ஆனா எம் பேத்தியும் ராவெல்லாம் இருமுறா. மழைக்காலம் வந்தா எங்க வீட்டுலே ஈரவிறகுப் புகைதான் காத்து."

நெசவாளர் வாயடைத்து நின்றார். நாமுந்தான்!

ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மூடுபனி தவழும் மலை. "ஏழைகளின் ஊட்டி" என்று விளம்பரம் செய்கிறார்கள். ஒரே மலை, ஒரே காற்று. விருந்தாளியாக வந்த பிள்ளைக்கு மூச்சு வருகிறது. அங்கேயே பிறந்த பிள்ளைக்கு இருமல் வருகிறது. காரணம் என்ன? காற்று மலைக்குச் சொந்தம். மூச்சோ வீட்டுக்குச் சொந்தம்! மனிதன் மலையிலே படுத்துறங்குவதில்லை. வீட்டிலே படுக்கிறான், தெருவிலே நடக்கிறான், தெருக்குழாயிலே தண்ணீர் பிடிக்கிறான். அந்த வீடும் தெருவும் குழாயும் எப்படியோ, அப்படியே அவன் உடம்பும்.

இந்த உண்மையை வெள்ளைக்காரன் நன்றாகவே அறிந்திருந்தான். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். பின்னர் துரைமார்கள் சமவெளியின் வெக்கைக்கும் நோய்க்கும் அஞ்சி மேலே ஏறினார்கள். ஏறியவர்கள் எப்படிக் குடியமர்ந்தார்கள்? பங்களாவுக்கும் பங்களாவுக்கும் இடையே தோட்டம் விட்டார்கள். சுவருக்குச் சுவர் சன்னல் வைத்தார்கள். குளிர்காயக் கணப்பு வைத்தார்கள், கணப்பின் புகை வெளியேறப் புகைபோக்கி வைத்தார்கள். தோட்டத்திலே உழைத்தவர்களுக்கோ லைன் வீடு! ஓர் அறையை அடுத்து ஓர் அறை, அதன் மூலையிலே அடுப்பு, அந்த அடுப்பின் புகைக்கு வாசற்படிதான் வழி. இயற்கை பாகுபாடு காட்டவில்லை, கட்டியவன் காட்டினான்!

நாடு விடுதலை பெற்ற பிறகு, 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடிநீர், கழிப்பிடம், மருத்துவ வசதி, குடியிருப்பு ஆகியவை தோட்ட முதலாளியின் கடமை என்று அச்சட்டம் எழுதிவைத்தது. 2020-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை இடம்பெற்றிருக்கிறது. சட்டம் சொல்வதன் பொருள் என்ன? தொழிலாளியின் இருமலுக்கு மருந்து தருவது மட்டும் மருத்துவமன்று. அவன் வீட்டுச் சுவரும் கூரையுங்கூட மருத்துவத்தைச் சேர்ந்தவையே என்பதன்றோ?

சரி, மலையை விட்டுக் கீழே இறங்குவோம். நமக்கு முன்னே ஒரு நதியும் இறங்குகிறது. அதன் பெயர் திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையிலே பிறந்து, சேலம் நகரின் நடுவே ஓடிக் காவிரியிலே போய்ச் சேருகிறது. பிறக்கும்போது மணியும் முத்துமாகப் பிறந்த அந்த ஆறு நகருக்குள் நுழைந்ததும் என்னவாகிறது? சாக்கடை அதிலே கலக்கிறது. சாயக்கழிவு கலக்கிறது. குப்பை விழுகிறது. மலையின் தூய நீர், நகரத்து ஏழையின் வாசலுக்கு வரும்போது நாற்றமாக வருகிறது! ஆற்றங்கரை வீடு என்றால் ஒரு காலத்திலே பெருமை. இன்று அங்கே யார் வாழ்கிறார்கள்? வேறிடத்தில் வாடகை கொடுக்க முடியாதவர்கள்.

அம்மாப்பேட்டைக்கும் குகைக்கும் போய்ப் பாருங்கள். குழித்தறி நெசவு என்றால் வீட்டுத் தரையிலேயே குழி. குழிக்குள்ளே கால், குழியைச் சுற்றி ஈரம். பஞ்சுத் தூசி பறக்கும் அந்த அறையிலேதான் பிள்ளைகள் உறங்குகிறார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் வெள்ளிக் கொலுசுத் தொழில். நாடெங்கும் பெண்களின் காலிலே கலகலக்கும் கொலுசு பிறக்கும் இடத்திலே உருக்குப் புகையும் அமில நெடியும் வீட்டோடு குடித்தனம் நடத்துகின்றன. தொழிற்கூடமும் தொட்டிலும் ஒரே அறையில்! மலையிலே இரண்டு நாள் நின்ற இழுப்பு கீழே வந்ததும் ஏன் திரும்புகிறது என்பதற்கு, இந்த அறையைப் பார்த்த பிறகு சோதிடமா கேட்க வேண்டும்?

தண்ணீரைப் பாருங்கள். குழாயில் நாள்தோறும் நீர் வரும் தெருவிலே யாரும் தண்ணீரைச் சேர்த்து வைப்பதில்லை. சில நாட்களுக்கு ஒருமுறை வரும் தெருவிலே தொட்டி, பீப்பாய், குடம், அண்டா எல்லாம் நிரப்பி வைத்தாக வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. தேங்கிய நல்ல நீரிலேதான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆக, குழாயின் முறைநாளும் கொசுவின் வளர்நாளும் ஒத்துப்போகின்றன! 2017-ல் டெங்கு தமிழகத்தை உலுக்கியபோது சேலம் மாவட்டம் கடுமையாகவே அடிபட்டது. அப்போது வீடு வீடாகப் போய்ப் பீப்பாயைக் கவிழ்க்கச் சொன்னார்கள். அபராதமும் விதித்தார்கள். பீப்பாய் ஏன் வந்தது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

"இவர்களுக்குச் சுத்தமாக இருக்கத் தெரியாது" என்று சொல்லும் மேன்மக்கள் உண்டு. கூழானாலும் குளித்துக் குடி என்ற பழமொழியையும் எடுத்து வீசுவார்கள். குளிக்கிறோம் அய்யா, தண்ணீர் எங்கே? கதவைத் திறந்து வைக்கிறோம், திறந்தால் சாக்கடையன்றோ உள்ளே வருகிறது? சன்னல் வைக்கிறோம், அடுத்த வீட்டுச் சுவர் அரை முழத்தில் நிற்கிறதே! பழக்கம் மனிதனிடம் இருக்கலாம். அந்தப் பழக்கத்துக்கு இடம் தெருவிலே இருக்க வேண்டாமா?

இலண்டன் மாநகருக்கே ஒரு காலத்தில் இந்த அறிவு வரவில்லை. 1854-ல் அங்கே காலரா கொள்ளைகொண்டது. கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரிய மருத்துவர்கள் சாதித்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஒரு வேலை செய்தார். இறந்தவர்களின் வீடுகளைத் தெருவாரியாகக் கணக்கெடுத்தார். சாவுகள் பிராட் தெருவிலிருந்த ஒரு நீர்க்குழாயைச் சுற்றிக் குவிந்திருப்பதைக் காட்டினார். குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஆனால் நகரத்துக்கே சாக்கடை கட்டும் பெருந்திட்டம் எப்போது வந்தது தெரியுமா? 1858 கோடையில் தேம்சு நதியின் நாற்றம் பார்லிமெண்டின் சன்னல் வழியே புகுந்து, உறுப்பினர்களின் மூக்கைத் துளைத்த பிறகுதான்! ஏழையின் சாவு செய்யாததைக் கனவான்களின் மூக்கு செய்தது.

நம் சென்னையும் உலகுக்கு ஒரு பாடம் கற்பித்தது. 1956-ல் அங்கே காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், ஒரு பகுதியினரை அவரவர் நெருக்கடி மிகுந்த வீடுகளிலுமாக வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டிலே மருந்துண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள்! மலைக்காற்றும் மெத்தையும் வாய்க்காத ஏழைக்கும் காசநோய் தீரும் என்று உலகம் ஒப்புக்கொண்டது.

"பார்த்தீர்களா, வீடு எப்படியிருந்தால் என்ன?" என்று யாரும் துள்ள வேண்டா. நோயைத் தீர்ப்பது வேறு, நோய் வராமல் தடுப்பது வேறு. மும்பை கோவண்டிப் பகுதியில், குடிசைவாசிகளுக்கென்று கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2018-ல் வெளிவந்தது. மாடிக்கு மாடி இடைவெளியின்றி, வெயிலும் காற்றும் புகாமல் கட்டியிருந்த குடியிருப்புகளிலே காசநோய் மிகுந்திருந்தது. இடைவெளி விட்டுக் கட்டிய குடியிருப்பிலே குறைந்திருந்தது. மருந்து வீட்டுக்கு வரும். ஆனால் வெளிச்சம் வராத வீட்டுக்கு நோயும் திரும்பத் திரும்ப வரும்!

ஆகவே, குடிசைக்குப் பதில் கல்வீடு கொடுத்தாலே போதும் என்றிருந்துவிட முடியாது. தமிழகத்தில் 1970-ல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. இந்திய மாநிலங்களுக்கு வழிகாட்டிய முயற்சி அது. 2021-ல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. வாழ்விடம்! நல்ல சொல். வீடு மட்டும் வாழ்விடமாகாது. குழாயும் கழிவுநீர்ப் பாதையும், பிள்ளைகள் ஓடியாடும் திடலும், வேலைக்குப் போகும் வழியும் சேர்ந்ததே வாழ்விடம். அந்தப் பெயருக்கு ஏற்பக் கட்டப்படுகிறதா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

சட்டம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 1939-லேயே, இந்தியாவில் முதன்முதலாக, பொதுச் சுகாதாரச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. பணம் இல்லையென்றும் கைவிரிக்க முடியாது. மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகராட்சி அப்படிக் கைவிரித்துப் பார்த்தது. திறந்த சாக்கடையால் அவதிப்பட்ட தெருமக்கள் வழக்காடினார்கள். 1980-ல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், நிதிப்பற்றாக்குறையைக் காட்டி நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று தீர்ப்பளித்தார். சாக்கடை கட்டுவது சலுகையன்று, கடமை!

நாம் கேட்பது மாளிகையன்று. முதலில், எந்தத் தெருவில் எந்த நோய் எத்தனை பேருக்கு என்று நகராட்சி தெருவாரியாகக் கணக்கெடுக்கட்டும். நோய் மிகுந்த தெருவுக்கே முதற்பணம் போகட்டும். குழாயில் நாள்தோறும் நீர் வரட்டும். சாக்கடை மூடப்படட்டும். வீட்டுக்கு வீடு எதிரெதிராக இரண்டு சன்னலும், அடுப்புக்குப் புகைபோக்கியோ எரிவாயுவோ வரட்டும். தறிக்கும் உலைக்கும் தனிக்கூடம் அமையட்டும். திருமணிமுத்தாறு பிறந்தபடியே நகரைக் கடந்து போகட்டும். இவை நடந்தால் மருத்துவமனையின் வரிசை தானே குறையும். நடக்காவிட்டாலோ, எத்தனை மருத்துவமனை கட்டினாலும் வரிசை நீண்டுகொண்டேதான் இருக்கும்.

அன்று மாலை ஒண்டிக்கடை முனையிலே சேலம் பேருந்து வந்து நின்றது. நெசவாளர் பையனைத் தோளில் சாத்திக்கொண்டு ஏறினார். ஏறுமுன் பையன் நன்றாக ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்தான். சேர்த்து வைத்துக்கொள்ள நினைத்தானோ, என்னவோ! மூதாட்டி லைன் வீட்டுப் பக்கமாக நடந்தார். கையிலே ஒரு கட்டு விறகு. அன்றும் அது ஈரமாகத்தான் இருந்தது.

அந்தப் பையன் மூச்சுவிட மலையேறி வரவேண்டியதில்லை என்ற நாள் வரவேண்டும். அவன் தெருவே அவனுக்கு ஏற்காடாக வேண்டும்!