டி.என்.ஏ. இழையை வளைக்கும் புரதங்கள்

மனித உயிரணு ஒன்றனுள் அடங்கிய டி.என்.ஏ. இழைகளை நீட்டிச் சேர்த்து அளப்பின் ஏறத்தாழ 2 மீட்டர் ஆகும். அவை உறையும் உட்கருவோ மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூற்றிலொரு பங்கே. நூலைப் பந்தாகச் சுற்றுவதுபோல் அவற்றையும் சுற்றிவிடலாமெனின், அஃது எளிதன்று. ஏணிப்படிபோல் அமைந்த கார இணைகள் 150 கொண்ட சிறு துண்டு, மூங்கிற் சிம்புபோல் பெரும்பாலும் விறைத்தே நிற்கும். அதன் புறத்தேயுள்ள பாஸ்பேட்டுகள் எதிர்மின்னேற்றமுடையனவாய் ஒன்றையொன்று தள்ளுதலும் இவ்விறைப்பிற்கு ஒரு காரணமாம்.

இவ்விறைப்பை வெல்வன புரதங்களே. நேர்மின்னேற்றம் மிக்க ஹிஸ்டோன்கள் எட்டு ஒன்றுகூடி அத்தள்ளுதலைத் தணிக்க, 147 இணைகள் அவற்றின்மீது ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மிகுதியாகச் சுற்றிக்கொள்கின்றன. 1997-இல் வெளியான படிக ஆராய்ச்சி இவ்வமைப்பை நுணுக்கமாகக் காட்டிற்று.

பாக்டீரியாவிலுள்ள ஐ.எச்.எப். என்னும் புரதம் இணைகளுக்கிடையே ஆப்புப்போல் நுழைந்து, இழையை 160 பாகையளவு மடக்குகின்றது. அதன் இனமாகிய எச்.யு. என்பதோ ஒரே கோணத்தில் நிறுத்தாது, கீல்போல் அசையவிடுகின்றது. இவற்றால் தொலைவிலுள்ள பகுதிகளும் அருகணைந்து கூடித் தொழில் செய்கின்றன.

ஆகவே, வளைத்தல் இடச்சுருக்கத்தின் பொருட்டு மட்டுமன்று. மனிதரில் ஆணுடல் அமைதற்குத் தொடக்கமிடும் எஸ்.ஆர்.ஒய். என்னும் புரதமும் இழையைப் பற்றி வளைப்பதே. அது பழுதுறின், ஒய் குரோமோசோம் உடையாரும் பெண்ணுடலோடு வளர்தல் உண்டு. நம் உடலின் அமைப்பு, இழையில் எழுதப்பட்ட செய்தியை மட்டுமன்றி, அவ்விழை வளையும் திறத்தையும் பொறுத்ததென நாம் அறிதல் வேண்டும்.