ஊர்ப் பொங்கலில் கட்டபொம்மன்

சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் கோயில் பொங்கல் என்றால் எனக்குப் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் நாடகம்தான். பகலில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர், ராத்திரி கிழக்கிந்தியக் கும்பினிக் கலெக்டர் ஜாக்சன் துரையாக மேடையேறுவார். கட்டபொம்மனைக் குற்றாலம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பேட்டி தராமல் அலையவிட்டு, 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் ஜாக்சன் மோதிய காட்சி ஒன்று அதில் வரும். நம் சீமை வழியாக நடந்த அலைச்சல் என்பதால் அந்தக் காட்சியில் கூட்டமே நிமிர்ந்து உட்காரும். வசனத்தில் பாதி, 1959இல் வந்த சிவாஜி படத்திலிருந்து எடுத்தது, அதில் தப்பில்லை.

ஆனால் 1799 அக்டோபர் 16இல், கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதோடு திரை விழுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கதை அதோடு முடியவில்லை: 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஊர்ச்சனங்களோடு சேர்ந்து மறுபடி எழுப்பினார். மே மாதக் கடைசி வரை கும்பினிப் பீரங்கிகளுக்கு அது ஈடுகொடுத்தது.

நாடகம் போடும் தம்பிகளே, வருகிற பொங்கலுக்கு அந்த மண்கோட்டையையும் மேடையில் கட்டுங்கள்.