திருமணத்தில் பேசப்படாதவை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில், ஈரோட்டில் என் தங்கை மகளுக்குத் திருமணம் நடந்தது. மண்டபம், நகை, சீர், பந்தி என இரு வீட்டாரும் நான்கு மாதங்கள் பேசினோம். ஆவணி பிறந்தபோது, "மாமா, நல்ல வக்கீலாகச் சொல்லுங்கள்" என்று அவள் என் முன் நின்றாள்.

குடி, அடி, வரதட்சணைப் பேச்சு எதுவும் இல்லை. அவள் பெங்களூரு மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே இரவு பதினொரு மணி வரை வேலை செய்பவள். அவருக்கு ஜவுளி வியாபாரம். திங்கள் இரவு தொடங்கும் ஈரோட்டுச் சந்தைக்குப் போனால் மறுநாள்தான் வீடு திரும்புவார். அந்த வீட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்தாக வேண்டும். ஏழு மணிக்கு எழும் மருமகளை மாமியார் ஒரு சொல்லும் சொன்னதில்லை. வாளியைச் சற்று ஓசையோடு வைப்பார், அவ்வளவுதான். அவளுக்கு அது வசையாகக் கேட்டது. கணவருக்கு அந்த ஓசை கேட்கவே இல்லை.

இருவரையும் வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்றேன். இந்து திருமணச் சட்டத்தின் 14-ஆவது பிரிவை அவர் விளக்கினார். திருமணமாகி ஓராண்டு முடியும் முன் விவாகரத்து மனுவை நீதிமன்றம் ஏற்பதில்லை. அளவுகடந்த துன்பமோ ஒழுக்கக்கேடோ இருந்தால் மட்டுமே விலக்கு. 1955-இல் இது மூன்று ஆண்டுகளாக இருந்தது; 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் ஓராண்டாகக் குறைத்தது. பரஸ்பர சம்மத மணவிலக்கைக் கொண்டுவந்ததும் அதே திருத்தம்தான். (அடிவாங்கும் பெண் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் திருமணமான மறுநாளே பாதுகாப்புக் கோரலாம்.)

முதல் ஆண்டின் கசப்பைக் கொண்டு ஒரு மணவாழ்வைத் தீர்மானிக்க வேண்டாம் என்று சட்டம் கருதுவது எனக்கு நியாயமாகவே படுகிறது. "ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வதுதான் எனக்கு உடன்பாடில்லை. இதே ஊரில் பிறந்த பெரியார், திருமணத்தை இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தமாகக் கண்டவர். ஒப்பந்தம் என்றால் அதன் விதிகளைப் பேச வேண்டாமா? யார் எப்போது எழுவது, சம்பளம் யார் கணக்கில் சேர்வது, தாய்வீட்டில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது? எங்கள் நான்கு மாதப் பேச்சில் இவற்றில் ஒன்றுகூட இடம்பெறவில்லை. பந்தியில் எத்தனை இனிப்பு என்பதற்கு மட்டும் இரண்டு நாட்கள் வாதாடினோம்.

அன்று மாலை இருவரையும் என் வீட்டில் விட்டுவிட்டு நான் வெளியே சென்றுவிட்டேன். வாசல் விவகாரத்தைத் தாயிடம் முதலில் எடுத்தவர் அவர்தான். "நான் வந்த புதிதில் நாலு மணிக்கு எழுந்தேன், என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்றாராம் அந்த அம்மாள்.

இப்போது வாசல் தெளிப்பது மகன். திங்கள் இரவுகளில் அவள் தாய்வீடு சென்றுவிடுகிறாள். சம்பளக் கணக்குப் பற்றிய சண்டை இன்னும் முடியவில்லை.