நுழைவுச்சீட்டுப் பணம் எங்கே போகிறது?

கல்விச் சுற்றுலா முடிந்து திரும்பியதும் நுழைவுச்சீட்டுகளைச் செலவுக் கணக்கோடு இணைத்து வைக்கிறோம். நம்மைப் பொறுத்தவரை அந்தப் பணத்தின் கதை அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால், ஒரு புலிகள் காப்பகத்தின் வாயிலிலோ பறவைகள் சரணாலயத்தின் வாயிலிலோ நாம் செலுத்திய தொகை அதன்பின் எந்த வழியில் செல்கிறது என்பது அந்த இடத்தின் நலனோடு நேரடியாகத் தொடர்புடையது. பொருளியல், சூழலியல், கணக்கு ஆகிய மூன்று பாடங்களும் சந்திக்கும் இடம் இது.

பணம் செல்வதற்குப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், வசூலான தொகை அரசுக் கருவூலத்தில் சேரும். அங்கே மற்ற வருவாய்களோடு கலந்துவிடும். அந்தக் காட்டுக்கு அடுத்த ஆண்டு எவ்வளவு ஒதுக்குவது என்பதை வரவு செலவுத் திட்டம் முடிவு செய்யும். வாயிலில் எவ்வளவு வசூலானது என்பதற்கும் அந்த ஒதுக்கீட்டுக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது வழியில், தொகை அதே இடத்தின் பராமரிப்புக்கென்று தனிக்கணக்கில் வைக்கப்படும். காவலர் ஊதியம், படகுக்கு எரிபொருள், தீத்தடுப்புக் கோடு, கழிப்பறை என்று அங்கேயே செலவாகும்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் ஒரு சிறிய தீவு கரீபியன் கடலில் இருக்கிறது. வெனிசுலா நாட்டின் கரைக்கு வடக்கே உள்ள அதன் பெயர் பொனேர். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்தது. தீவைச் சுற்றிலும் கரையை ஒட்டியே பவளப்பாறைகள் இருப்பதால், கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்க உலகெங்கிலுமிருந்து முக்குளிப்பவர்கள் வருகிறார்கள். 1979இல் கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரையுள்ள கடற்பகுதி கடல்சார் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தொடக்கச் செலவுக்கு நன்கொடையும் மானியமும் கிடைத்தன. சில ஆண்டுகளில் அவை தீர்ந்தன. சட்டம் இருந்தது, எல்லை இருந்தது, ஆனால் கண்காணிக்க ஆள் இல்லை. 1980களின் நடுவில் அது வரைபடத்தில் மட்டுமே இருந்த பூங்கா. திட்ட நிதியில் வந்த கருவிகள், திட்டம் முடிந்தபின் பழுதுபார்க்க வழியின்றி மூலையில் கிடப்பதைப் பார்த்த எவருக்கும் இந்த நிலைமை புரியும்.

1991இல் பூங்காவுக்கு மீண்டும் உயிர் கொடுக்க முயன்றபோது, இம்முறை நன்கொடை மட்டும் போதாது என்று முடிவு செய்தார்கள். 1992 முதல் முக்குளிக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 10 டாலர் செலுத்த வேண்டியிருந்தது. செலுத்தியதற்கு அடையாளமாக ஒரு சிறு வில்லை தரப்பட்டது. அதை முக்குளிக்கும் கருவியில் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கட்டணம் வைத்தால் பயணிகள் வேறு தீவுக்குப் போய்விடுவார்களோ என்று தொழில் நடத்துவோரிடையே அச்சம் இருந்தது. அப்படி நடக்கவில்லை. வசூலான தொகை பூங்காவை நிர்வகிக்கும் ஸ்டினாப்பா என்ற அறக்கட்டளைக்கே சென்றது. நங்கூரம் பாறைகளை உடைக்காமல் இருக்கப் படகுகளைக் கட்டும் மிதவைகளும், ரோந்தும் அதிலிருந்து நடந்தன. தான் கட்டிய பணம் எங்கே போனது என்பதைப் பயணி தண்ணீருக்குள் இறங்கும் முன்பே மிதவையாகப் பார்க்க முடிந்தது. அந்தக் கட்டணம் ஏற்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எண்ணத் தோன்றுகிறது. 2019இல் முக்குளிப்பவர்களுக்கான கட்டணம் 45 டாலராக உயர்த்தப்பட்டது.

நமக்கு மிக அருகிலேயே இதே போன்ற ஓர் அனுபவம் உண்டு. கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990களின் இறுதியில் உலக வங்கியின் துணையோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று நடந்தது. காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்தவர்கள் சிலர் அத்திட்டத்தில் சேர்ந்து, பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டின் காவலர்களாகவும் மாறினார்கள். எந்தப் பாதையில் யார் நுழைவார்கள் என்பது அவர்களைவிட வேறு யாருக்குத் தெரியும்? 2004இல் திட்டம் முடிந்தது. அந்த வேலைகள் நின்றுவிடாமல் இருக்கப் பெரியாறு அறக்கட்டளை தொடங்கப்பட்டது. நுழைவுக் கட்டணத்தோடு வசூலிக்கப்பட்ட கூடுதல் தொகை அதற்குச் சென்றது. 2006இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 38எக்ஸ் பிரிவு, புலிகள் காப்பகங்களுக்கு இத்தகைய அறக்கட்டளைகளை மாநில அரசுகள் ஏற்படுத்த வேண்டும் என்கிறது. தமிழகத்தின் முதுமலை, ஆனைமலை முதலிய காப்பகங்களின் அறக்கட்டளைகளுக்கு அடிப்படை அந்தப் பிரிவுதான்.

இப்படிச் சொல்வதால், கட்டணம் ஒன்றே போதும் என்று கொள்ளக் கூடாது. 2020இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது பொனேரின் கட்டண வருவாயும் ஏறக்குறைய நின்றுபோனது. ரோந்தும் பராமரிப்பும் அதற்காக விடுமுறை எடுக்க முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. சீட்டு வாங்குபவர் மட்டும்தான் காட்டின் பயனாளியா? களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உட்பகுதியில் பெரும்பாலான இடங்களுக்குள் பயணிகள் செல்வதில்லை. அதனால் அங்கே சீட்டு வருவாயும் இல்லை. ஆனால் அந்த மலைகளில் பிறக்கும் தாமிரபரணிதான் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வயல்களுக்குப் பாய்கிறது, குடங்களை நிறைக்கிறது. இத்தகைய காடுகளுக்குப் பொது வரிப்பணம்தான் கைகொடுக்க வேண்டும். கருவூல வழியின் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

கட்டணம் கூடக் கூட ஏழை வீட்டுப் பிள்ளைகள் காட்டைப் பாடப்புத்தகத்தின் படத்தில் மட்டுமே பார்க்கும் நிலை வரும் என்பதையும் மறக்கக் கூடாது. மாணவர்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் குறைந்த கட்டணம், வெளிநாட்டுப் பயணிகளுக்கு உயர்ந்த கட்டணம் என்று பல நாடுகள் பிரித்து வைத்திருப்பது இதனால்தான்.

எட்டாம் வகுப்பு முதல் எந்த வகுப்பிலும் செய்து பார்க்கக்கூடிய ஒரு கணக்கு. பொனேரில் கட்டணம் தொடங்கும் முன்பு முக்குளிப்பவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். 10 டாலர் தர 92 சதவீதம் பேரும், 20 டாலராவது தர ஏறக்குறைய 80 சதவீதம் பேரும், 30 டாலராவது தர 48 சதவீதம் பேரும், 50 டாலராவது தர 16 சதவீதம் பேரும் சம்மதித்தனர். நூறு பேர் வருவதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டணத்திலும் எவ்வளவு வசூலாகும் என்று மாணவர்களைக் கணக்கிடச் சொல்லலாம். முறையே 920, 1,600, 1,440, 800 டாலர் என்று வரும்.

இப்போது வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரியுங்கள். முதல் குழுவுக்குப் பூங்காவின் செலவுக்குப் பணம் வேண்டும். அவர்கள் 20 டாலரைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டாவது குழுவுக்குப் பாறைகளின் மேல் கூட்டம் குறைய வேண்டும். அவர்கள் 50 டாலர் கேட்பார்கள், வசூல் பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை என்பார்கள். மூன்றாவது குழு, அந்தத் தீவின் பள்ளி மாணவர்கள். அவர்கள் எவ்வளவு கேட்பார்கள் என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். விவாதத்துக்கு ஒரு பாடவேளை போதாது.